ஒரே மொழி, இரு வாசல்: மலாயாவில் தோட்டத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும்

1941ஆம் ஆண்டின் முற்பாதியில் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியபோது, தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நல்ல மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு என்று நீண்ட அந்தப் பட்டியலில், வெள்ளைக்காரத் துரைக்கும் தோட்டத்து ஆசிய அலுவலர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பதும் இருந்தது. அதுவரை, எதிரே துரையோ, தோட்டத்து எழுத்தரான கிராணியோ வந்தால் தொழிலாளி இறங்கி, வண்டியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்; அவர்கள் கடந்து போன பிறகுதான் மறுபடி ஏறலாம். வேலைநிறுத்தத்தை அரசு படையைக் கொண்டு ஒடுக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களுக்குத் துணை நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையில் 'ஆசிய அலுவலர்' என்று சொல்லப்பட்டவர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும்தான். ஆக, ஒரே செம்மண் பாதையில், ஒரே மொழி பேசுகிற, ஒரே முருகனைக் கும்பிடுகிற இருவர் எதிரெதிரே வரும்போது, ஒருவர் இறங்கி நிற்கவும் மற்றவர் கடந்து போகவும் விதிக்கப்பட்டிருந்தது. இருவரும் கடல் கடந்து வந்தவர்கள். ஏறத்தாழ ஒரே அரை நூற்றாண்டுக்குள், ஒரே ஆட்சியின் கீழ், ஒரே நாட்டில் வந்து இறங்கியவர்கள். மூன்று தலைமுறைக்குப் பின் ஒரு சமூகத்தில் மருத்துவரும் வழக்கறிஞரும் வீட்டுக்கு ஒருவர் என்ற நிலையும், மற்றொன்றில் தோட்டம் மூடப்பட்டால் எங்கே போவது என்ற கேள்வியும் எப்படி எஞ்சின?

குடியேறிய சமூகங்களின் வாழ்நிலையை ஒப்பிடும்போது நாம் முதலில் தேடிப் போவது குணத்தை. இவர்கள் படிப்பில் நாட்டமுள்ளவர்கள், அவர்கள் குடித்தே கெட்டவர்கள், இவர்கள் சிக்கனமானவர்கள், அவர்களுக்கு நாளையைப் பற்றிய நினைப்பே கிடையாது என்ற பேச்சு மலேசியத் தமிழரிடையே இன்றும் கேட்கக் கிடைக்கிறது. படித்தவர்களே சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம். வெவ்வேறு மொழியும் மதமும் கொண்ட இரு சமூகங்களை ஒப்பிடும்போது இத்தகைய விளக்கத்தைச் சோதித்துப் பார்ப்பது கடினம். மலாயாவின் தமிழர்கள் விஷயத்தில் அது முடியும். பண்பாட்டில் இவ்வளவு நெருங்கியவர்கள் பிழைப்பில் இவ்வளவு விலகிப் போனார்கள் என்றால், காரணத்தைப் பண்பாட்டுக்கு வெளியே தேடியாக வேண்டும். யார் எந்த வேலைக்கு, எந்த நிபந்தனையில், எந்தக் காகிதத்தோடு உள்ளே விடப்பட்டார்கள் என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோம். அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் அங்கே கால் வைத்தார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தமிழோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. 1824-இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார் என்பது தற்செயல் அல்ல. மிஷன் பள்ளிகளுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்க, அந்தப் போட்டியில் சின்னஞ்சிறிய ஒரு தீபகற்பம் பள்ளிக்கூடங்களால் நிறைந்தது. படித்து முடித்த இளைஞர்களுக்கு அங்கே வேலைதான் இல்லை. தோட்டக் காணியும் புகையிலையும் அத்தனை பேரைத் தாங்கவில்லை. கொழும்பிலிருந்த அரசு உத்தியோகங்களும் போதவில்லை.

அதே காலத்தில் மலாயாவில் ஆங்கிலேயருக்கு ஆங்கிலம் தெரிந்த கீழ்நிலை அலுவலர்கள் தேவைப்பட்டார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையிலான முதல் ரயில் பாதை 1885-இல் திறக்கப்பட்டது. அதை அமைக்கும் வேலைக்கே இலங்கையிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்த சி. ஈ. ஸ்பூனர், 1901-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குத் தலைவரானபோது, தாம் பழகி அறிந்த யாழ்ப்பாணத் தமிழர்களையே எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் நாடினார். அஞ்சல், கருவூலம், நில அளவை, மருத்துவமனை என்று மற்றத் துறைகளும் அவ்வழியே சென்றன. ஓர் அண்ணன் வந்து வேலையில் அமர்ந்தால் தம்பிக்கும் மைத்துனனுக்கும் கடிதம் போகும்; அவர்கள் பள்ளிச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறுவார்கள்.

அரசு வேலையில் சேர்ந்தவருக்குக் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். மாதம் தவறாத சம்பளம், ஊருக்குப் போய்வர விடுப்பு, குடியிருக்கக் குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றால் பென்ஷன். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்ற வரிசை வீடுகளை, அண்மைக் காலத்தில் இடிக்கப்படும் வரை பலர் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து விவேகானந்தா ஆசிரமத்துப் பள்ளிக்கு நடந்து போகலாம். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலும் எட்டும் தூரம்தான். நகரின் மிகச் சிறந்த ஆங்கிலப் பள்ளியான விக்டோரியா இன்ஸ்டிடியூஷனும் வெகு தொலைவில் இல்லை. யாழ்ப்பாண வழித்தோன்றலும் பின்னாளில் மலேசியாவின் பெருஞ்செல்வர்களில் ஒருவருமான ஆனந்த கிருஷ்ணன், இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப் பள்ளியிலும் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனிலும் படித்து, மெல்பர்னுக்கும் ஹார்வர்டுக்கும் போனவர். அவருடைய தனித் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் திறமை ஏறி நடக்கப் படிக்கட்டு ஒன்று வீட்டு வாசலிலேயே தொடங்கியது என்பதைத்தான் குறிப்பிடுகிறேன்.

இனி மற்றொரு வாசலுக்கு வருவோம். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆற்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து போனவர்கள், முதலில் கரும்புக்கும் காப்பிக்கும், பிறகு ரப்பருக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை. 1910-இல் அதற்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்ட பின் கங்காணி முறையே முதன்மையானது. தோட்டத்துத் தொழிலாளி ஒருவரையே துரை ஊருக்கு அனுப்பி, தன் சாதிசனத்தையும் சுற்றுவட்டாரத்தையும் அழைத்துவரச் சொல்வார். கொண்டுவந்த ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். ஊரில் அடைக்க வேண்டிய கடன், வழிச்செலவு, வந்தவுடன் வாங்கிய அரிசி என்று எல்லாம் கணக்கில் ஏறும். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் கட்டணத்தை ஏற்றுக்கொண்ட பிறகு சட்டப்படி அவர் கடனில்லாமல் இறங்கினார் என்றாலும், கங்காணியிடம் பட்ட கைக்கடன் வேறு கணக்கு. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் காத்திருந்து, கப்பலின் மேல்தளத்தில் படுத்து, பினாங்கில் தனிமைப்படுத்தும் முகாமைக் கடந்து வந்தவரின் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. அவர் பெயர் எழுதப்பட்ட காகிதம் தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது: செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு. அதை எழுதியவர் கிராணி.

தோட்டத்தில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதைச் சொன்னால்தான் கூலியின் கணக்கு புரியும். விடியற்காலை இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு, அவரவர் வெட்ட வேண்டிய மர வரிசையான நிரையைப் பிரித்துக் கொடுப்பார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் உளியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். மரத்தின் பட்டையை ஆழம் தப்பாமல் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைத்து, அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கான மரங்கள். பிறகு அதே நிரையில் திரும்பி வந்து மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, தோள் கம்பில் காண்டாக் கட்டிச் சுமந்து போய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று விதித்திருந்தார்கள். உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. 1930களின் தொடக்கத்து மந்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் மறுபடி அழைத்துவந்தார்கள். நியூயார்க்கிலும் லண்டனிலும் விலை சரிவதற்கும் சேலத்துக் குடும்பம் ஒன்று மூட்டை கட்டுவதற்கும் இடையே தடுப்பாக எதுவுமே இருக்கவில்லை. அதே மந்தத்தில் அரசு எழுத்தர்களிலும் வேலை இழந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஊரில் காணியும், கையில் படிப்பும் இருந்தன.

இரண்டு சமூகங்களையும் பிரித்த ஆழமான கோடு பள்ளிக்கூடம் என்றே நான் நினைக்கிறேன். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. சொன்னபடி பள்ளிகள் எழுந்தன. ஒரு கொட்டகை, பல வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியர், பல இடங்களில் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் அந்த ஆசிரியர். பால் எடுக்கும் நேரத்தில் அம்மாவுக்கு உதவப் பிள்ளை போய்விடும். படிப்பு தொடக்கப் பள்ளியோடு முடிந்தது. தமிழில் இடைநிலைப் பள்ளி இல்லை. அந்தப் படிப்பைக் கொண்டு ஆங்கிலப் பள்ளியில் சேரவும் முடியாது. சேர முடிந்தாலும் அது இருந்தது பட்டணத்தில், தோட்டத்திலிருந்து எத்தனையோ மைல் தொலைவில், மாதக் கட்டணத்தோடு. தொழிலாளியின் பிள்ளை மறுபடியும் தொழிலாளியாவதற்கு ஏற்ற படிப்பாகவே அது இருந்தது என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளைகள் படித்துவிட்டால் நிரைக்கு ஆள் கிடைக்காது என்ற கவலை தோட்ட முதலாளிகளுக்கு இருந்தது என்பதை அக்காலத்துப் போக்கைப் படிக்கும் எவரும் காணலாம். அதே ஆண்டுகளில் ரயில்வே எழுத்தரின் மகன் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். மகளும் கான்வென்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சேமிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மலாயாப் பணத்தில் எழுந்த கல்வீடுகளும், 'மலாயாப் பென்ஷன்காரர்' என்ற மரியாதையான அடையாளமும் இன்றும் நினைவில் உள்ளவை. மணியோடர் மாதந்தோறும் வந்தது. அது பெண்ணுக்குச் சீதனமாக, தம்பிக்குப் படிப்பாக, கோவிலுக்குத் திருப்பணியாக மாறியது. தோட்டத் தொழிலாளியும் ஊருக்குப் பணம் அனுப்பினார். ஆனால் அவருக்கு எஞ்சியது சிறிது. அதிலும் ஒரு பகுதியைத் தோட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்ட கள்ளுக்கடை வாங்கிக்கொண்டது. குடிப் பழக்கத்தைத் தொழிலாளியின் குணமாகப் பேசுகிறவர்கள், அந்தக் கடைகள் அரசின் உரிமத்தோடும் நிர்வாகத்தின் இசைவோடும், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலேயே நடந்தன என்பதையும், அவற்றை மூடு என்று 1941-இல் கேட்டவர்கள் அதே தொழிலாளர்கள்தான் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சாதியை விட்டுவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாக வந்தவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளாளர்; நிலமும் பள்ளியும் ஏற்கெனவே எட்டிய குடும்பங்கள். தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களில் கணிசமானோர் பறையர், பள்ளர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். பண்ணையடிமை நிலையிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களில் உண்டு. ஊரில் பள்ளிக்கூடத் திண்ணையையே மிதிக்க விடாமல் வைக்கப்பட்டிருந்தவர்களிடம், வந்த இடத்தில் படிப்பில் நாட்டம் காட்டவில்லையே என்று கேட்பது நியாயமாகாது. கிராணிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்த தூரத்தில் உத்தியோகம் ஒரு பங்கு என்றால், சாதி இன்னொரு பங்கு. இரு சமூகத்துக்கும் திருமண உறவு அநேகமாக இல்லை. சங்கங்களும் வேறு வேறு. யாழ்ப்பாணத்தார் தங்களை 'இலங்கையர்' என்று தனியே அடையாளப்படுத்திக்கொள்ளவே விரும்பினார்கள், 'இந்தியர்' என்ற சொல்லைக் கூலி என்ற சொல்லோடு சேர்த்தே ஆட்சியாளர்கள் பழக்கியிருந்த ஒரு நாட்டில் அவர்கள் அப்படி விரும்பியதைப் புரிந்துகொள்ளலாம், மெச்சிக்கொள்ளத்தான் முடியவில்லை.

போர்க்காலம் இருவரையுமே வாட்டியது. ஆனால் சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் 1942, 43-இல் ஆள் பிடித்தபோது, மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மூடிக் கிடந்த தோட்டங்களில் வேலையின்றி இருந்தவர்களை லாரிகளில் ஏற்றிப் போவது எளிதாக இருந்தது. காலராவிலும் பசியிலும் பல்லாயிரக்கணக்கானோர் அந்தக் காடுகளிலேயே மடிந்தார்கள். அவர்களில் பலரின் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன.

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 7 லட்சம் பேர், பெரும்பான்மையோர் தமிழர். இலங்கைத் தமிழர்களோ இவர்களில் இருபதில் ஒரு பங்குகூட வரமாட்டார்கள். இந்தச் சிறிய கூட்டத்திலிருந்து, 1951-இல் கல்விக்குப் பொறுப்பான உறுப்பினராக ஈ. ஈ. சி. துரைசிங்கம் அமர்ந்தார்; ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் எதிர்க்கட்சி அரசியலின் தூண்களாக இருந்தார்கள்; வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். தோட்டத்திலோ, விடுதலை வந்த அதே ஆண்டுகளில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர் இன்றும் சொல்வது இதைத்தான். துண்டு போடப்பட்ட தோட்டத்தில் வேலை போனது. வேலையோடு சேர்ந்து வீடும் போனது. கோவிலும் பள்ளியும் இருந்த நிலம் பிறர் கைக்குப் போனது.

இதற்கு எதிராக எழுந்த முயற்சிகளில் நான் மிகவும் மதிப்பது, அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டம் தோட்டமாக அவர் நடந்து போய், சம்பளத்திலிருந்து பத்துப் பத்து வெள்ளியாக (மலாயா டாலராக) சேர்க்கச் சொன்னார். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பால் வெட்டியவர்கள் பங்குதாரர்களானார்கள். ஆனால் துண்டாடப்பட்ட நிலத்தின் அளவுக்கு முன்னே அது சிறிய அணைதான்.

1969-இன் இனக்கலவரத்தை அடுத்து இன்னொரு அடி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்று அரசு விதித்தபோது, அகப்பட்டவர்களில் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் அவர்கள். படிவத்தை நிரப்பத் தெரியாமல், பிறப்புச் சான்று கிடைக்காமல், ஒரு நாள் வேலையை விட்டுப் பட்டணத்து அலுவலகத்துக்குப் போக முடியாமல் விடப்பட்ட காகிதங்கள், ஒரு தலைமுறையின் பிழைப்பையே தீர்மானித்துவிட்டன. பல்லாயிரம் பேர் மறுபடி கப்பலேறி, தாங்கள் பார்த்தேயிராத தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அரசு அலுவலகத்திலேயே வேலை பார்த்த குடும்பங்களுக்குப் படிவம் என்பது அச்சம் தரும் பொருளாக இருந்ததில்லை.

வறுமையை ஒழிக்கவும் மலாய்க்காரரின் பொருளாதாரப் பங்கை உயர்த்தவும் வகுக்கப்பட்ட புதிய பொருளாதாரக் கொள்கை 1971-இல் வந்தபோது, 'இந்தியர்' என்ற ஒற்றைத் தலைப்பு தோட்டத் தமிழருக்கு மிகப் பெரிய கேடாயிற்று. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் மலாய்க்காரக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 172 ரிங்கிட், சீனருடையது 394, இந்தியருடையது 304 என்று கணக்குச் சொன்னது. அந்த 304-ஐப் பார்க்கிற எவரும் இந்தியர் பரவாயில்லை என்றுதான் நினைப்பார். ஆனால் அது வழக்கறிஞரையும் மருத்துவரையும் துணிக்கடை முதலாளியையும் பால் வெட்டும் பெண்ணையும் கூட்டி வகுத்து வந்த எண். நாட்டின் நிறுவனப் பங்குடைமையில் இந்தியர் கையில் இருந்தது அப்போது சுமார் 1 சதவீதம். 2000களிலும் அது 2 சதவீதத்தை எட்டவில்லை. அந்தச் சிறு பங்கிலும் லயத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. சராசரியைக் காட்டி, இந்தியருக்குத் தனி உதவி வேண்டாம் என்று முடிவெடுப்பது எளிதாயிற்று; கிராமப்புறத்து மலாய் உழவருக்கு நிலமும் கடனும் தந்த திட்டங்களுக்குள் தோட்டத்து மனிதர் வரவில்லை, ஏனென்றால் தோட்டம் தனியார் சொத்து.

பிறகு ரப்பர் மரங்கள் விழுந்தன. அவற்றின் இடத்தில் வந்த செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) ஆள் குறைவாகப் போதும். அதற்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்துக்கொண்டார்கள். கோலாலம்பூரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. 1980 முதல் இருபது ஆண்டுகளில் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள் 3 லட்சம் பேர் என்பது பரவலாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. மூன்று தலைமுறையாகக் குடியிருந்த வீட்டுக்கு அவர்களிடம் பட்டா இல்லை. வேலை இருக்கும்வரை தங்கலாம் என்ற வாய்ப்பு மட்டுமே இருந்தது. புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் நான்கு ஏக்கர் நிலம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியது இதனால்தான். வெளியேறியவர்கள் பட்டணத்தின் ஓரங்களில் புறம்போக்கு வீடுகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் ஒதுங்கினார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகையும், கூப்பிட்டால் ஓடிவரும் அண்டை வீட்டாரும், ஆண்டுக்கொருமுறை திருவிழாவும் இருந்த ஒரு ஊர் கலைந்து, பிள்ளைகள் தெருவில் வளர்ந்தார்கள். இளைஞர்களின் குற்றக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது இந்த இடப்பெயர்வையும் சேர்த்து எண்ண வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழருக்கும் வாழ்க்கை ஒரே சீராக ஏறிப் போகவில்லை. அரசுப் பணிகளில் மலாய்க்காரருக்கு முன்னுரிமை வந்தது. ஆட்சி மொழி மாறியது. ரயில்வேயும் எழுத்தர் வேலையும் கை நழுவின. ஆனால் அதற்குள் அடுத்த தலைமுறை மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கணக்கியலுக்கும் நகர்ந்திருந்தது. உள்ளூரில் கதவு அடைபட்டபோது ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் திறந்திருந்தன. போனவர்கள் போகப் போக, சமூகம் சுருங்கியது. வீட்டு மொழி பல குடும்பங்களில் ஆங்கிலமானது. பாட்டி தேவாரம் பாட, பேரப்பிள்ளைக்கு அதன் எழுத்துத் தெரியாது. இதை இழப்பு என்றே நான் கருதுகிறேன். மலேசியாவில் இன்றும் இயங்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளையும், தமிழில் எழுதுகிற படிக்கிற ஒரு கூட்டத்தையும் காத்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளே. வாழ்நிலையை வருமானத்தால் மட்டும் அளந்தால் இது கணக்கில் வராது.

என் வாதத்தை இரண்டு இடங்களில் உரசிப் பார்க்கலாம். ஆங்கிலம் கற்றுக் கிராணிகளாக வந்த மலையாளிகள் மொழியாலும் ஊராலும் வேறுபட்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தாரைப் போலவே படித்து உத்தியோகங்களுக்குப் போனார்கள். அதாவது உயர்த்தியது யாழ்ப்பாணத்து இரத்தம் அல்ல. மற்றொன்று இலங்கை. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளால் கொண்டுபோகப்பட்ட மலையகத் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர் வாழும் அதே தீவில், மலாயாத் தோட்டத் தமிழரைப் போலவே லயத்திலும் ஓராசிரியர் பள்ளியிலும் அடைபட்டார்கள். 1948-இல் குடியுரிமையையும் இழந்தார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸ் கட்சியிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய சா. ஜே. வே. செல்வநாயகம், 1898-இல் பிறந்தது ஈப்போவில். மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் மகன், வேறொரு தோட்டத்து மக்களின் காகிதத்துக்காகக் குரல் கொடுத்தார். கிராணிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருந்த கோட்டைத் தாண்ட முடியும் என்பதற்கு அது சான்று, தாண்டியவர்கள் சிலரே.

2007 நவம்பர் 25 அன்று இந்திய வம்சாவளியினரின் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்டு, கண்ணீர்ப்புகையிலும் தண்ணீர்ப் பீரங்கியிலும் நின்ற பிறகுதான், இந்தியர் என்ற சராசரிக்குள் மறைந்திருந்தவர்களை அரசு தனியே பார்க்கத் தொடங்கியது. 2011-இல் மைடஃப்தார் என்ற பெயரில் ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்யும் இயக்கம் நடந்தது. 2017-இல் இந்தியர்களுக்கான பெருந்திட்டம் ஒன்று வெளியிடப்பட்டது. பதிவுக்கு வந்தவர்களில், பிறப்புச் சான்று இல்லாததால் பள்ளியில் சேர முடியாத பிள்ளைகளும், பள்ளியில் சேராததால் வேலை கிடைக்காத அவர்களின் பெற்றோரும், எல்லாவற்றுக்கும் தொடக்கமாக, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் தாத்தா பாட்டிகளும் இருந்தார்கள். 2018-இல், சிவப்பு அட்டை வைத்திருக்கும் 60 வயதைக் கடந்த இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. கணக்குப் போட்டால், நாடு விடுதலை பெற்ற காலத்தில் அவர்கள் கைக்குழந்தையாகவோ, பெரட்டுக்குப் போகும் அம்மாவின் பின்னால் ஓடுகிற சிறு பிள்ளையாகவோ, உளி பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்த இளைஞராகவோ இருந்தவர்கள்.